அமிலமும் காரமும்: அறிய வேண்டியவை

நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருவது காரம்.

கண்டறியும் முறை
அமிலம் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும். காரம் சிவப்புத் தாளை நீலமாக்கும். பி.எச். அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும். நம் இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை.

வீட்டில் கவனம்
கழிவறை சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், குழாய் அடைப்பு நீக்கும் பொருள்கள் பலவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரமும் உள்ளன. இரண்டுமே உணவுக்குழாயை அரிக்கும். எப்பொருளையும் சுவைத்துப் பார்த்து அறிய முயலக்கூடாது. தண்ணீர் பாட்டில்களில் இவற்றை ஊற்றி வைக்கக்கூடாது.

விழுங்கிவிட்டால்
• வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.
• அமிலத்தை முறிக்கச் சமையல் சோடாவோ, காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறோ கொடுக்காதீர்கள். ஆய்வகத்தில் பயன்படும் நடுநிலையாக்கல், உடலுக்குள் வெப்பத்தையோ வாயுவையோ உண்டாக்கிக் காயத்தைப் பெரிதாக்கக்கூடும்.
• கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால், ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள்.
• வலி இல்லாவிடினும், அப்பொருள் இருந்த பாட்டிலுடன் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.