பிணைய டிரைவர்களில் அகன்ற நினைவக முகவரி

நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு பைட்டுக்கும் செயலியின் கையை எதிர்பார்ப்பதில்லை. அனுப்ப வேண்டிய பாக்கெட்டைத் தானே ரேமிலிருந்து எடுத்துக்கொள்கிறது, வந்த பாக்கெட்டைத் தானே ரேமில் இறக்கி வைக்கிறது. இந்த நேரடி நினைவக அணுகலுக்கு டிஎம்ஏ என்று பெயர். எங்கே எடுப்பது, எங்கே இறக்குவது என்று முகவரி சொல்வது டிரைவரின் பொறுப்பு. அந்த முகவரி 32 பிட்டுக்குள் அடங்காதபோது, அதாவது 4 ஜிபி எல்லைக்கு அப்பால் உள்ள ரேமைச் சுட்டும்போது, அது அகன்ற முகவரி ஆகிறது. வேகத்தை இழக்காமல் அதைக் கையாள லினக்ஸ் கெர்னலில் வகுக்கப்பட்ட முறைகளே இங்கே விளக்கப்படுகின்றன.

சிக்கல் தொடங்கியது செயலி முந்திக்கொண்டதால். 1995இல் வந்த இன்டெல் பென்டியம் ப்ரோ 32 பிட் செயலிதான் என்றாலும், பிஏஇ என்னும் வசதியால் 36 பிட் இயற்பியல் முகவரியை, அதாவது 64 ஜிபி வரை, தொட முடிந்தது. அன்றைய பிசிஐ கார்டுகளில் பெரும்பாலானவை 32 பிட்டோடு நின்றுவிட்டன. அகன்ற முகவரி அனுப்ப பிசிஐயிலேயே வழி இருந்தது. முகவரியை இரண்டு பாதியாக, இரண்டு சுழற்சிகளில் அனுப்பலாம். 33 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் கூடுதலாக ஆவது ஒரு சுழற்சி, ஏறத்தாழ 30 நானோவிநாடி. நீண்ட பாக்கெட்டுக்கு இது பொருட்டல்ல. குறுகிய பரிமாற்றங்கள் ஓயாமல் நடக்கும் கார்டில் உறைக்கும்.

கார்டின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை டிரைவர் தொடக்கத்திலேயே கெர்னலிடம் அறிவிக்க வேண்டும். டிஎம்ஏ மாஸ்க் எனப்படும் இந்த அறிவிப்பு 32 அல்லது 64 என்று ஒழுங்காக இருப்பதில்லை. பிராட்காமின் பிசிஎம்4400 வரிசைக்கான பி44 டிரைவர் 30 பிட் என்கிறது, அந்தக் கார்டுக்கு 1 ஜிபிக்கு மேல் எதுவும் தெரியாது. என்விடியா சிப்செட்டுகளுக்கான ஃபோர்ஸ்டெத் 39 பிட் வரை போகிறது. இந்த எண்ணை உள்ளதை உள்ளபடி சொல்வது டிரைவர் எழுதுபவரின் முதல் கடமை. கூட்டிச் சொன்னால் கார்டு வேறொருவரின் நினைவகத்தில் எழுதிவிடும். குறைத்துச் சொன்னால் கெர்னல் தேவையில்லாமல் நகலெடுக்கும்.

உண்மையான செலவு அந்த நகலெடுப்பில்தான் இருக்கிறது. கார்டுக்கு எட்டாத இடத்தில் பாக்கெட் இருந்தால், எட்டும் இடத்தில் உள்ள இடைத்தாங்கல் ஒன்றுக்குச் செயலி அதை நகலெடுத்துத் தர வேண்டும். லினக்ஸில் இதைச் செய்யும் ஸ்விஓடிஎல்பி வழக்கமாக 64 எம்பி இடத்தை இதற்கென ஒதுக்கிவைக்கிறது. அது நிரம்பிவிட்டால் டிரைவரின் கோரிக்கை தோற்கும். 32 பிட் கெர்னலில் இன்னொரு தடையும் உண்டு. அங்கே கெர்னல் எந்நேரமும் நேரடியாகத் தொடக்கூடியது பொதுவாக 896 எம்பிதான், அதற்கு மேலுள்ளது உயர்நினைவகம். ஹைடிஎம்ஏ என்னும் கொடியை டிரைவர் உயர்த்தாவிட்டால், உயர்நினைவகப் பக்கங்களில் சிதறிக் கிடக்கும் பாக்கெட்டைக் கெர்னல் ஒரே துண்டாக நகலெடுத்த பிறகே கார்டிடம் தரும்.

இது எவ்வளவு பாரம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இணைப்பது டான்ஃபினெட் நிறுவனம் செயல்படுத்தும் பாரத்நெட் இரண்டாம் கட்டத்தின் இலக்கு. 1 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகளே வந்தால் நொடிக்கு 14.88 லட்சம் வரும். ஒவ்வொன்றுக்கும் 672 நானோவிநாடிதான் அவகாசம். 10 கிகாபிட்டில் அது 67 நானோவிநாடியாகச் சுருங்கும். கேஷில் இல்லாத ஒரு சொல்லை ரேமிலிருந்து எடுப்பதற்கே பல பத்து நானோவிநாடி பிடிக்கும் என்கிறபோது, நகலெடுப்புக்கு அங்கே இடமே இல்லை.

நகலைத் தவிர்த்த பிறகும் முகவரியைச் சுமக்கும் செலவு மிஞ்சுகிறது. அகன்ற முகவரிக்கு 8 பைட் வேண்டும், 32 பிட் செயலியின் பதிவேடோ 4 பைட்தான். ஆகவே பாக்கெட் இருக்கும் இடத்தைக் கார்டுக்குச் சொல்லும் விவரிப்பியில் டிரைவர் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்து எழுதுகிறது. மேல்பாதியை எடுக்க 32 இடம் நகர்த்த வேண்டும். முகவரி வகையே 32 பிட்டாக இருக்கும் கணினியில், சி மொழி விதிப்படி அப்படி நகர்த்துவதற்குப் பொருள் வரையறுக்கப்படவில்லை. அதனால் கெர்னலின் மேக்ரோ 16 இடமாக இரண்டு தடவை நகர்த்துகிறது. விளைவு சுழியம் என்பது முன்கூட்டியே தெரிவதால் கம்பைலர் அந்த வேலையையே நீக்கிவிடும். ஒரே மூலநிரல் இரு வகைக் கணினிக்கும் பொருந்துகிறது, சிறிய கணினிக்குச் செலவும் இல்லை. வேலை முடிந்தபின் முகவரியை விடுவிப்பதற்காக டிரைவர் வைத்துக்கொள்ளும் குறிப்பும் இதே போக்கில்தான்: விடுவிக்க எதுவும் செய்யத் தேவையில்லாத கணினிகளில் அந்தக் குறிப்புக்கான இடமே உருவாகாதபடி மேக்ரோக்கள் எழுதப்பட்டுள்ளன.

இவற்றிலெல்லாம் நேர்த்தியானது பேஜ் பூலில் 2023இல் செய்யப்பட்ட மாற்றம். பாக்கெட் வந்து இறங்கும் பக்கங்களை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு வாங்காமல், முகவரியோடு சேர்த்துச் சுழற்சியில் வைத்திருப்பது பேஜ் பூல். அந்த முகவரி, பக்கத்தை விவரிக்கும் கட்டமைப்பிலேயே பதிந்திருக்கும். அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் போட்டி. 32 பிட் செயலியும் 64 பிட் டிஎம்ஏ முகவரியும் சேர்ந்த கணினிகளில் அதற்கு இரண்டு சொற்கள் தேவைப்பட்டன, அதனால் ஒரு பக்கத்தைப் பல பாக்கெட்டுகளுக்குப் பங்கிட்டுத் தரும் வசதி அவற்றுக்கு மறுக்கப்பட்டது. தீர்வு எளியது. 4 கேபி பக்கம் எப்போதும் 4096இன் மடங்கில்தான் தொடங்கும், எனவே முகவரியின் கடைசி 12 பிட் எப்போதும் சுழியம். அவற்றை வெட்டிவிட்டு மீதியை 32 பிட் சொல் ஒன்றில் வைத்தால் 44 பிட் முகவரி, அதாவது 16 டிபி வரை, அடங்கிவிடும். அடங்காத முகவரி வந்தால் அதைக் கண்டுகொண்டு மறுக்கவும் சோதனை உண்டு.

வன்பொருள் பிழைகளையும் டிரைவரே சுமக்கிறது. பிராட்காம் கிகாபிட் கார்டுகளுக்கான டிஜி3 டிரைவர் இதற்கு நல்ல சான்று. அதன் சில சிப்புகள் 64 பிட் முகவரியை ஏற்கும், ஆனால் ஒரே பஃபர் 4 ஜிபி எல்லையின் இருபுறமும் கிடந்தால் தடுமாறும். ஆகவே ஒவ்வொரு பஃபருக்கும் முகவரியின் கீழ்ப்பாதியோடு நீளத்தைக் கூட்டினால் 32 பிட்டைத் தாண்டிச் சுழல்கிறதா என்று டிரைவர் பார்க்கிறது. தாண்டினால் அந்தப் பாக்கெட்டை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுக்கிறது. அரிதாக நேரும் சிக்கலுக்காக எல்லாப் பாக்கெட்டையும் தண்டிக்காமல், ஒரு கூட்டலும் ஒப்பீடுமாக முடித்துக்கொள்ளும் இந்த அணுகுமுறை டிரைவர் எழுதுவோர் படித்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

இடையில் முகவரியை மாற்றித்தரும் ஐஓஎம்எம்யூ உள்ள கணினிகளில் கார்டு காணும் முகவரி வேறு, ரேமின் முகவரி வேறு. அதனால் உயரத்தில் உள்ள பக்கத்தையும் 4 ஜிபிக்குக் கீழே இருப்பதாகக் கார்டுக்குக் காட்டலாம். நகல் மிச்சம். ஆனால் ஒவ்வொரு முகவரி இணைப்புக்கும் அட்டவணையில் எழுதி அழிக்கும் செலவு வருகிறது.

சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய சக்தி செயலிகளுக்கும் இந்தப் பொருள் நேரடியாகப் பொருந்தும். 2018இல் ரைஸ்கிரீக், ரீமோ சிப்புகளும் 2020இல் மௌசிக்கும் இக்குழுவிடமிருந்து வந்தன. சக்தியின் சி வகுப்பு லினக்ஸை இயக்கவல்ல 64 பிட் ரிஸ்க்-வி செயலி. ரிஸ்க்-வி கணினிகள் பலவற்றில் ரேம் சுழியத்தில் தொடங்குவதில்லை, 2 ஜிபி முகவரியில்தான் தொடங்குகிறது. சோதனைக்குப் பயன்படும் ஆர்டி ஏ7 பலகையில் உள்ள 256 எம்பி ரேம் அப்படி வைத்தாலும் 32 பிட்டுக்குள் அடங்கிவிடும். அதே அமைப்பில் தொடர்ச்சியாக 4 ஜிபி பொருத்தினால் ரேம் 6 ஜிபி வரை நீளும், சரிபாதி 32 பிட் கார்டுக்கு எட்டாது. பி44 போன்ற 30 பிட் சாதனத்துக்கோ, இடையில் முகவரி மாற்றம் இல்லாவிட்டால் ஒரு பைட்கூட எட்டாது. உள்நாட்டுச் செயலிகளோடு சேரும் ஈதர்நெட் பகுதியின் விவரிப்பியில் முகவரிக்கு 64 பிட் இடத்தை வடிவமைப்பின்போதே விட்டுவைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஐஓஎம்எம்யூ இல்லாவிட்டால், சிப் அச்சான பிறகு எட்டாத பக்கத்துக்கு டிரைவரிடம் மிஞ்சும் வழி நகலெடுப்பதுதான்.