வீழ்ந்த கர்னலின் சாட்சியம்: யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சேவையகங்களில் நினைவகப் பதிவின் தேவை

ஆய்வுச் சுருக்கம்

குடாநாட்டில் ஒரு சேவையகம் தானாக மீளத் தொடங்கினால் முதற் பழி மின்சாரத்தின் மேல்தான் விழும். பணிசெயல் முறைமையின் மையக்கருவான கர்னல் வீழ்ந்த கணத்து நினைவகத்தைப் பதிவுசெய்யும் ஏற்பாடு முன்கூட்டியே நிறுவிச் சோதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்தப் பழி சரியா என்று தீர்மானிக்க இயலும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. சிக்கல்

மின்சாரத்தைச் சந்தேகிக்க இங்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1990களின் போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 31இல் நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9இல் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இவற்றைக் கண்ட நிருவாகி தடையில்லா மின்வழங்கியின் மின்கலத்தை மாற்றுவதிலிருந்து தொடங்குவது இயல்பே.

ஆனால் மின்னிழப்பும் கர்னல் வீழ்ச்சியும் வட்டில் விட்டுச்செல்லும் தடயம் பெரும்பாலும் ஒன்றே: நிகழ்வுப் பதிவேடு இடையில் அறுந்து நிற்கும். வீழ்ந்த கர்னலால் தன் கடைசி வரிகளை வட்டில் எழுதி முடிக்க இயலாது போகலாம். வீழ்ந்தவுடன் மீளத் தொடங்கும்படி அமைக்கப்பட்ட சேவையகத்தில் திரைச் செய்தியும் எஞ்சாது. ஆகவே பதிவேட்டை மட்டும் வைத்து மின்சாரத்தைக் குற்றஞ்சாட்டுவது ஊகம். பழுதான இயக்கி மென்பொருளே காரணமாக இருந்தால், புதிய மின்கலம் வாங்கிய பின்னரும் சேவையகம் வீழும்.

2. பதிவு நடைபெறும் விதம்

லினக்ஸுக்கான முற்காலத் தீர்வுகள் சிலவற்றில் வீழ்ந்த கர்னலே தன் நினைவகத்தை வட்டில் எழுத வேண்டியிருந்தது. தன் தரவுக் கட்டமைப்புகள் சிதைந்திருக்கக்கூடிய ஒரு கர்னலிடம் வட்டு இயக்கியை ஒப்படைப்பது ஆபத்தானது. அது தவறான இடத்தில் எழுதி நல்ல தரவையும் அழிக்கலாம்.

இதற்கு மாற்றாக வந்த நினைவகப் பதிவு ஏற்பாடே கேடம்ப் (kdump). விவேக் கோயல், எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் இதனை 2005இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் விளக்கினர். அதே ஆண்டு வெளியான 2.6.13 பதிப்பில் இது லினக்ஸ் கர்னலுடன் இணைந்தது.

சேவையகம் தொடங்கும்போதே நினைவகத்தின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கர்னல் ஏற்றி வைக்கப்படுகிறது. முதற் கர்னல் வீழ்ந்ததும் கட்டுப்பாடு நேரே இரண்டாவதற்குத் தாவுகிறது. வழமையான வன்பொருள் மீட்டமைப்பு நிகழாததால் பழைய நினைவகம் அழிவதில்லை. வீழ்ச்சிக்குப் பின்னும் வலையட்டை போன்ற சாதனங்கள் பழைய நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒதுக்கிய பகுதி அவற்றுக்கு ஒருபோதும் கொடுக்கப்படாததால் இரண்டாவது கர்னல் அங்கே பாதுகாப்பாக இயங்குகிறது. பழைய நினைவகம் அதற்கு ஒரு கோப்பாகத் தெரியும். வெற்றுப் பக்கங்களையும் பயனர் தரவுகளையும் வடிகட்டி எஞ்சியதை அது வட்டில் சேமிக்கிறது. பின்னர் ஆய்வாளர் எந்தச் செயல்கூறில், எந்த அழைப்பு வரிசையில் வீழ்ச்சி நேர்ந்தது என்று வாசிக்கிறார்.

இந்த வாசிப்பின் பயனை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. அந்நிறுவனத்தின் இயக்கி எல்லை தாண்டி நினைவகத்தை வாசித்ததே காரணம் என்பதை மைக்ரோசொஃப்ட் வீழ்ச்சிப் பதிவுகளைக் கொண்டு விளக்கிக் காட்டியது.

3. பதிவு இல்லாமையும் சான்றே

மின்சாரம் போனால் இரண்டாவது கர்னலுக்கு வேலையே இல்லை. ஆகவே கேடம்ப் மின்வெட்டு மிகுந்த இடத்துக்குப் பயன்படாது என்று வாதிடலாம். என் முடிவு இதற்கு நேர்மாறானது. சோதிக்கப்பட்ட ஏற்பாடு இருந்தும் பதிவு உருவாகவில்லையெனில், மின்னிழப்பையோ வன்பொருள் மீட்டமைப்பையோ நோக்கிச் சந்தேகம் குவிகிறது. தடையில்லா மின்வழங்கியின் பதிவேடு அதனை மேலும் உறுதிப்படுத்தும். பதிவு கிடைத்தால் கர்னல் வீழ்ந்தது ஐயமின்றித் தெரிகிறது. இரு காரணங்களையும் பிரித்தறிய வேண்டிய தேவை, மின்சாரம் தடையின்றி வரும் ஊரைவிட இங்கே அதிகம்.

இந்தத் தருக்கத்தின் அச்சாணி சோதனையே. சோதிக்காத ஏற்பாட்டில் பதிவின் இன்மை எதையும் சொல்லாது. ஒதுக்கீடு போதாமலோ வட்டில் இடமில்லாமலோ அது தோற்றிருக்கலாம். எனவே நிறுவியதும், பின்னர் கர்னலை மாற்றும் ஒவ்வொரு முறையும், பயனர் இல்லாத நேரத்தில் சேவையகத்தை வேண்டுமென்றே வீழ்த்திப் பார்ப்பது கட்டாயம்.

4. இரு மறுப்புகள்

முதலாவது செலவு. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9ஆம் பதிப்பு 4 முதல் 64 கிகாபைட் வரை நினைவகமுள்ள வழமையான கணினிக்கு 256 மெகாபைட் ஒதுக்குகிறது. 16 கிகாபைட் சேவையகத்தில் அது நூற்றுக்கு 1.6 பங்கு மட்டுமே. அதையும் ஒதுக்க இயலாத சிறு கணினியில், கர்னலின் கடைசிச் செய்திகளை வலையமைப்பினூடாக வேறொரு கணினிக்கு அனுப்பும் எளிய வழி உண்டு.

இரண்டாவது அந்தரங்கம், இது கனமானது. பயனர் பக்கங்களை வடிகட்டினாலும் கர்னல் பகுதியில் மறைகுறியாக்கச் சாவிகள் எஞ்சலாம். தன் கையொப்பச் சாவியொன்று 2021இல் ஒரு வீழ்ச்சிப் பதிவினூடாகக் கசிந்திருக்கலாம் என்று 2023 செப்டெம்பரில் மைக்ரோசொஃப்ட் கூறியது. அந்தச் சாவி அடங்கிய பதிவு எதுவும் கிடைக்கவில்லையென 2024 மார்ச்சில் திருத்தியது. கசிவு நிறுவப்படவில்லை எனினும், பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நிலையே ஒரு பாடம். யார் எடுத்தார், எங்கே வைத்தார், எப்போது அழித்தார் என்பதற்குக் குறிப்பு வேண்டும். மாணவர் பெறுபேறோ நோயாளர் விவரமோ தாங்கும் சேவையகங்களுக்கு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கோடும் இது பொருந்துகிறது.

5. முடிவுரை

அந்தரங்க மறுப்பு பதிவைக் கைவிடுவதற்கன்று, பகுப்பாய்வுத் திறனை உள்ளூரில் வளர்ப்பதற்கே காரணமாகிறது. பதிவை வெளியாருக்கு அனுப்பாமல் வாசிக்க வேண்டுமானால், வாசிக்கத் தெரிந்தவர் இங்கே இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு, பணிசெயல் முறைமைப் பாடத்தின் செய்முறையாக ஒரு கர்னலை வீழ்த்தி அதன் பதிவை வாசிக்கும் பயிற்சி சேர்க்கப்படலாம்; இதற்கான மென்பொருள்கள் அனைத்தும் திறந்த மூலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குடாநாட்டின் பொது நிறுவனங்கள் புதிய சேவையகத்தைப் பொறுப்பேற்கும்போது, மின்வழங்கியைச் சோதிப்பது போலவே நினைவகப் பதிவையும் சோதித்துக் கையொப்பமிடுவதை நிபந்தனையாக்க வேண்டும்.