காவலர் சுடரோட்டம்

காவலர் சுடரோட்டம், அறிவுசார் குறைபாடுள்ள விளையாட்டு வீரர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கத்துக்குக் காவல்துறையினர் நிதி திரட்டித் தன்னார்வப் பணியும் செய்யும் முயற்சி. அமெரிக்காவில் 1981-இல் தொடங்கி, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அந்த இயக்கத்துக்காகப் பொதுமக்களிடையே நடக்கும் மிகப் பெரிய நிதி திரட்டலும் விழிப்புணர்வுப் பணியும் இதுவே.

பின்னணி

யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் மேரிலாந்தில் உள்ள தம் வீட்டு வளாகத்தில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கோடை முகாம் ஒன்றை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக, 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டி நடந்தது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸிலிருந்து வேறான அமைப்பு. எட்டு வயது நிரம்பியவர்கள் இதில் போட்டியிடலாம்; மேல்வயது வரம்பு இல்லை. பங்கேற்கும் வீரரிடமோ குடும்பத்தாரிடமோ கட்டணம் வாங்குவதில்லை. எனவே மைதானம், பயணம், உணவு, கருவிகள் ஆகியவற்றுக்கான செலவைப் பெரும்பாலும் நன்கொடையாளர்களே ஏற்க வேண்டியிருக்கிறது.

தோற்றம்

கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரக் காவல்துறைத் தலைவர் ரிச்சர்ட் லாமன்யன், உள்ளூர்க் காவலர்களை இப்போட்டிகளில் ஈடுபடுத்த விரும்பிச் சுடரோட்டத்தைத் தொடங்கினார். 1983-இல் பன்னாட்டுக் காவல்துறைத் தலைவர்கள் சங்கம் இதை ஏற்றது. அதன் பின் மாநிலங்கள்தோறும் ஓட்டங்கள் நடந்தன. காவலர்களும் வீரர்களும் சேர்ந்து ‘நம்பிக்கைச் சுடரை’ ஊர் ஊராக ஏந்திச் சென்று, தொடக்க விழா மேடையில் சேர்ப்பிப்பது வழக்கம். உலகப் போட்டிகளுக்கான சுடர் ஏதென்ஸில் ஏற்றப்படுகிறது.

நிதி திரட்டும் முறைகள்

சட்டைகள் விற்பது பழைய வழி. கடுங்குளிரில் கடலிலோ ஏரியிலோ இறங்கும் ‘போலார் பிளஞ்ச்’ பெரும் கூட்டத்தை ஈர்க்கிறது. நீரில் இறங்குவோர் உறவினர், நண்பர்களிடம் முன்கூட்டியே நன்கொடை சேர்த்துவருவார்கள். மேரிலாந்தில் செசபீக் விரிகுடாக் கரையில் நடப்பது பெயர்பெற்றது. விமான நிலையங்களில் குழுக்கள் கயிறு கட்டி விமானத்தை இழுக்கின்றன. சில உணவகங்களில் காவலர்கள் பரிமாறுகிறார்கள். வாடிக்கையாளர் அவர்களுக்குத் தரும் டிப்ஸ் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்குப் போகிறது.

தன்னார்வலர் பணி

பயிற்சியளிப்பது, நேரம் குறிப்பது, வீரர்களை அழைத்துச் செல்வது எனப் பணிகள் பல. வீரர்களை வயது, பால், திறன் அடிப்படையில் பிரிவுகளாக்குவதால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் போட்டியும் தனிப் பரிசளிப்பும் தேவைப்படுகின்றன. ஆட்பலம் இல்லாமல் அது நடக்காது. பதக்கங்களைச் சீருடையணிந்த காவலர்களே வீரர்களின் கழுத்தில் அணிவிப்பது பல இடங்களில் மரபாகிவிட்டது. ஒருங்கிணைந்த விளையாட்டுகளில், குறைபாடு இல்லாதவர்களும் சக ஆட்டக்காரர்களாக அதே அணியில் இறங்குகிறார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997-இல் தொடங்கிய உடல்நலத் திட்டத்தில் மருத்துவர்கள் கண், பல், செவி ஆகியவற்றை இலவசமாகச் சோதிக்கிறார்கள்.

முக்கியத்துவம்

அறிவுசார் குறைபாடுள்ளவர் விசாரணையின்போது பதற்றத்தில் விடை சொல்லத் தயங்கினால், காவலர்கள் அதை ஒத்துழையாமை எனத் தவறாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. மைதானத்தில் அவர்களோடு பழகிய காவலர் அந்தத் தயக்கத்தின் காரணத்தை அறிவார். திரளும் பணம் செலவாகிவிடும். இந்தப் பழக்கமும் புரிதலும்தான் சுடரோட்டத்தின் நிலைத்த பயன்.