வீட்டுக்குள் ஒரு கொலை: தமிழில் துப்பறியும் மரபு குறித்துச் சில எண்ணங்கள்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டுவோர்க்கு ஒன்று புலப்படும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடைபட்டு, பொழுதுபோக்குப் புதினங்கள் எழுதியோர் என்ற முத்திரையுடன் வழியனுப்பப்பட்டிருப்பார்கள். (நாமும் பல ஆண்டுகள் வகுப்பில் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லி வந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.) வகுப்பறைக்கு வெளியிலோ, மர்மக்கதை என்றால் சோற்றை மறக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் நாம். வாடகை நூல் நிலையத்திலிருந்து எடுத்துவந்த தமிழ்வாணனின் சங்கர்லால் கதையொன்றில் கடைசிப் பக்கம் கிழிந்திருக்க, கொலையாளி யாரென்று தெரியாமல் இரவெல்லாம் புரண்டு படுத்தது இன்றும் நினைவிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருவர் வடுவூராரின் புதினங்களை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பினார். தலைப்பைப் பரிசீலித்த குழுவில் மூத்தவர் ஒருவர், இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நாமும் அந்த அறையில் இருந்தோம்; வாய் திறக்கவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதைக் காலம் கடந்தேனும் இங்கே எழுதிவைக்கிறோம்.

இவ்வகைப் புதினங்கள் மீது வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றம், இவை இரவல் சரக்கு என்பது. உண்மைதான். குப்புசாமி முதலியார் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தழுவி எழுதியவர். ஆனால், இரவல் வாங்கியது இங்கே என்னவாயிற்று என்பதே கேட்கத் தக்க கேள்வி. வடுவூராரின் 'மேனகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மர்மம் இருட்டுத் தெருவிலோ பாழடைந்த மாளிகையிலோ தொடங்குவதில்லை. புகுந்த வீட்டில், நாத்தனார்களின் நாவில் தொடங்குகிறது. வீட்டு மருமகளை விற்றுவிடத் துணியும் குடும்பம் அது. ஆங்கிலத் துப்பறியும் கதையில் குற்றம் பெரும்பாலும் அமைதியான வீட்டைக் குலைக்க வருவது. வடுவூராரிடமோ வீடே குற்றம் நிகழும் இடம். இதை இலக்கியம் என்று அழைக்கத் தயங்குவோர், சமூக வரலாறு என்றாவது ஒப்புக்கொள்ளலாம்.

நடை தளர்ச்சியும் நீண்ட வருணனைகளும் நம் பொறுமையைச் சோதிப்பவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் இன்று நம்மைப் பெரிதாக ஈர்ப்பதுமில்லை. எனினும் திரைப்படம் இவர்களை விடாமல் பற்றிக்கொண்டது. 'மேனகா' 1935-லும், ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' 1936-லும் படங்களாயின. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியா'ரில் எம். என். நம்பியார் வேடத்தின் மேல் வேடம் புனைந்து திரிவதை எத்தனை முறை பார்த்தாலும் நமக்குச் சலிப்பதில்லை.

இந்த மரபின் உச்சம், எம்மைப் பொறுத்தவரை, 1954-இல் ஏ.வி.எம். வெளியிட்ட 'அந்த நாள்'. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டி அமைந்த கதை. வானொலிப் பொறியாளன் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறான். சந்தேகத்துக்கு உரியவர்கள் யார்? மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், அவனோடு தொடர்புடைய நடனப் பெண். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ஒரு ராஜன் உருவாகிறான். குரோசாவாவின் 'ராஷோமோன்' தந்த தூண்டுதல் இப்படத்துக்கு உண்டு. ஆனால் அங்கே காட்டுப் பாதையில் நிகழ்ந்தது இங்கே கூடத்துக்குள் வந்துவிட்டது. மீண்டும் அதே வீடு! (கொலையாளி யாரென்று இங்கே சொல்ல மாட்டோம். பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே நம் வருத்தம்.)

அப்படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. தமிழ்ப் பேசும் படங்களில் அதுவே முதன்முறை. அதை இயக்கிய எஸ். பாலசந்தரோ வீணை வித்துவான். பின்னாளில், 1982-இல், பத்ம பூஷண் பெற்றவர். இசை தெரியாதவர் பாட்டை நீக்கியிருந்தால் அது வறுமையாக இருந்திருக்கும். எங்கே விரலை எடுக்க வேண்டும் என்றறிந்த கை செய்த காரியம் இது. பாட்டில்லாத படமா என்று அன்று முகம் சுளித்தவர் பலர். தேசிய விருதுச் சான்றிதழ் வந்த பிறகே படத்தின் மதிப்புக் கூடியது.

அப்படத்துக்குத் திரைக்கதை எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்த ஜாவர் சீதாராமன் பின்னர் குமுதத்தில் 'மின்னல் மழை மோகினி', 'உடல் பொருள் ஆனந்தி' ஆகிய தொடர்களை எழுதினார். புத்தகத்திலிருந்து படத்துக்குப் போன சரக்கு மீண்டும் புத்தகத்துக்கே திரும்பிய கதை இது. பாலசந்தரும் 1964-இல் எடுத்த 'பொம்மை'யில் பாட்டோடு சமாதானம் செய்துகொண்டார். கே. ஜே. யேசுதாஸின் குரல் தமிழ்த் திரைக்கு அறிமுகமானது அப்படத்தில்தான்.

அறுபதுகளில் மர்மப் படத்தின் பாட்டே ஒரு தடயமாகிவிட்டது. 'யார் நீ?' (1966) படத்தில் வேதா தந்த மெட்டு, 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படத்துக்கு மதன் மோகன் அமைத்ததுதான், இதுவும் இரவலே. ஆயினும் பி. சுசீலாவின் குரலில் கேட்கும்போது அச்சம் நழுவி, அந்தப் பெண்ணுக்காக ஒரு துயரம் எழுகிறது. பேயிடமும் இரக்கம் கொள்ளச் செய்யும் இத்தன்மையே நம் திகிற்பாட்டின் தனிச்சுவை என்று கருதுகிறோம்.

பின்னர் சுஜாதா வந்தார். 1968-இல் 'நைலான் கயிறு' புதினத்தில் தோன்றிய வழக்கறிஞர் கணேஷ் உரைநடையின் வேகத்தையே மாற்றினான். 'ப்ரியா' 1978-இல் படமானபோது கதை லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. இளையராஜாவின் பாடல்கள் நிலைத்தன, கணேஷ் காணாமற்போனான். பாட்டு வென்று பாத்திரம் தோற்ற படம் அது.

அந்த மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டு, சங்க இலக்கிய உவமைகளைப் பற்றி ஆய்ந்து பட்டம் பெற்றார். போகும்போது தம்மிடமிருந்த 'மேனகா' மறுபதிப்பை நம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பென்சிலால் நிறைய அடிக்கோடுகள். அவற்றில் பெரும்பாலானவை துப்பறியும் பகுதிகளில் இல்லை. மேனகா புகுந்த வீட்டில் நடக்கும் உரையாடல்களில் இருக்கின்றன.