பவள உயிரிக்கு உணவூட்டல்: ஒரு வரலாறு

பவள உயிரி கடலில் வாழும் ஒரு விலங்கு. வகுப்பில் கேட்டால் பாதி மாணவர்கள் அதைச் செடி என்றும், மீதிப் பேர் கல் என்றும் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிச் செல்லும் செங்கல்பட்டு மாவட்டக் கரையோரம் பவளத்திட்டுகள் இல்லை. தமிழ்நாட்டில் அவற்றைக் காண மன்னார் வளைகுடாவுக்கோ பாக் விரிகுடாவுக்கோ போக வேண்டும். இங்குள்ள பிள்ளைகள் பவளத்தைக் கண்ணாடித் தொட்டியிலோ காணொளியிலோதான் பார்த்திருப்பார்கள். தொட்டியில் வைத்த பவளம் சில வேளை உணவைத் தொடுவதே இல்லை. அதை உண்ண வைப்பது எப்படி என்று மனிதர் கற்றுக்கொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1706இல் இத்தாலியரான மார்சிலி, கடல்நீர்ப் பாத்திரத்தில் இட்ட செம்பவளக் கிளையில் வெண்மையான 'பூக்கள்' விரிவதைக் கண்டார். ஆகவே அது செடி என்று முடிவு செய்தார். மார்செய் நகர மருத்துவர் பெய்சொனெல் அதே பூக்களை 1720களில் மீண்டும் ஆராய்ந்தார். தொட்டால் அவை சுருங்கின. அழுகும்போது விலங்கின் வாடை வீசியது. அவை பூக்கள் அல்ல, விலங்குகள் என்றார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் இக்கருத்தை எடுத்துரைத்த ரியோமர், ஏளனத்துக்கு அஞ்சிப் பெய்சொனெலின் பெயரையே சொல்லாமல் விட்டார். 1740களில் டிரெம்ப்ளே நன்னீர் ஹைட்ராவை ஆராய்ந்த பிறகே ரியோமர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

விலங்கு என்றால் அது எதைத் தின்கிறது? இதற்கு ஓரளவு தெளிவான விடை 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கிடைத்தது. அங்குள்ள லோ தீவுகளில் ஓராண்டு தங்கிய ஆய்வுக்குழுவுக்கு மாரிஸ் யங் என்ற இளம் விலங்கியலாளர் தலைமை தாங்கினார். பவளங்கள் விலங்குணவை ஏற்றன. தாவர உணவைத் தள்ளிவிட்டன. ஒளி புகாத பெட்டியில் வைத்தபோது தம் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளை இழந்தன. ஆனாலும் இரை கிடைத்தவரை உயிரோடு இருந்தன. எனவே பாசியால் பவளத்துக்கு உணவு கிடைப்பதில்லை என்று யங் கருதினார். இதில் அவர் தவறிவிட்டார். கதிரியக்கக் கார்பனைப் பயன்படுத்தி 1958இல் கடல் அனிமோனில் நடந்த ஆய்வும், அடுத்து பவளங்களில் நடந்த ஆய்வுகளும், பாசி தயாரிக்கும் உணவில் ஒரு பகுதி விலங்கின் உடலுக்குள் செல்வதைக் காட்டின. ஆக, பகலில் பாசி ஊட்டுகிறது. இரவில் பவளம் தானே வேட்டையாடுகிறது.

தொட்டி வளர்ப்போருக்குத் தொல்லை தருவது பாசியே இல்லாத வகைகள். சூரியப் பவளம் எனப்படும் டியூபாஸ்ட்ரியா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நல்ல விளக்கு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டால், இது வாரக்கணக்கில் மூடியே கிடந்து, சதை சுருங்கி, பட்டினியால் சாகும். நோய் என்றே பலர் நினைப்பார்கள். ஒரு கூட்டத்தில் உள்ள பாலிப்புகளுக்குத் தனித்தனி வாய் உண்டு; ஒன்று தின்றதால் மற்றவற்றின் பசி முழுவதும் தீர்ந்துவிடாது.

இதை உண்ண வைக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். விளக்கைக் குறைத்துவிட்டு, நசுக்கிய இறாலின் சாறு சில துளிகளை நீரில் விட வேண்டும். சிறிது நேரத்தில் உணர்இழைகள் வெளிவரத் தொடங்கும். அப்போது நீரோட்டப் பம்பை நிறுத்தி, ஆர்ட்டீமியாவையோ பொடியாக நறுக்கிய இறாலையோ டிராப்பரால் பாலிப்புகளின் மேல் மெல்ல விட வேண்டும். முதல் நாள் ஒன்றிரண்டுதான் திறக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஊட்டினால் மற்றவையும் படிப்படியாகத் திறக்கும். மிஞ்சிய உணவை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நீர் கெடும்.

சாறு ஏன் வேலை செய்கிறது என்பதும் ஆய்வால் தெரிந்ததே. குளூட்டாதையோன் என்ற பொருள் ஹைட்ராவை வாய் திறக்கச் செய்வதை லூமிஸ் 1955இல் அறிவித்தார். மாரிஸ்கலும் லென்ஹாஃபும் ஹவாய்ப் பவளங்களில் புரோலின் முதலிய அமினோ அமிலங்களுக்கும் அத்தகைய விளைவு உண்டு என்று 1968இல் எழுதினர். காயம்பட்ட இரையிலிருந்து கசியும் இப்பொருள்கள்தாம் பவளத்துக்கு இரை வந்த செய்தியைச் சொல்கின்றன.

ஊட்டப்படும் ஆர்ட்டீமியா உப்பளத்து உயிரி. தூத்துக்குடி உப்பளங்களில் உண்டு. மாமல்லபுரம் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் கொடுவா மீன் வளர்ப்பு ஆய்வு நடக்கிறது. கொடுவாக் குஞ்சுகளுக்கும் தொடக்க உணவுகளில் ஒன்று ஆர்ட்டீமியாவே.

இதைப் படித்துவிட்டு யாரும் கடலில் பவளம் பிடுங்கக் கிளம்ப வேண்டாம். கற்பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சூரியப் பவளமும் கற்பவளமே.

தொட்டியில் எழுந்த கேள்வி இப்போது கடலிலும் எழுந்துள்ளது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளங்கள் பாசிகளை இழந்து வெளுக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. வெளுத்த பவளம் பிழைக்க, தானே கூடுதலாக இரை பிடிக்க வேண்டும். எல்லாப் பவளமும் அப்படிச் செய்வதில்லை. 2006இல் வெளியான ஹவாய் ஆய்வில், வெளுத்த மான்டிபோரா வகை ஒன்று முன்பைவிடப் பல மடங்கு உண்டு உடலைத் தேற்றிக்கொண்டது. போரைட்டஸ் வகைகள் வெளுத்த பின்னும் கூடுதலாக உண்ணவில்லை. இவ்விரு பேரினங்களும் மன்னார் வளைகுடாவில் உள்ளன.