வெள்ளிப் பெட்டிக்குள் ஒரு பழைய பயம்

இந்த எபிசோடுல தீப்பெட்டியை விடச் சின்னதான ஒரு வெள்ளிப் பெட்டியைப் பத்திப் பேசப்போறோம். பேரு வினிகிரெட்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில இருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இங்கிலாந்துல வசதியானவங்க இதைக் கூடவே வச்சிருந்தாங்க. மூடியைத் திறந்தா, பூவேலையா துளை போட்ட ஒரு தகடு. அதுக்கு அடியில வாசனை வினிகர்ல நனைச்ச ஸ்பஞ்சு. வினிகர் வெள்ளியை அரிக்கும்கிறதால உள்பக்கம் தங்க முலாம். தெருவுல சாக்கடை நாத்தம் அடிச்சா, எடுத்து மோந்துக்குவாங்க.

நாத்தம்தான் நோயைக் கொண்டுவருதுன்னு அப்போ பலர் நம்பினாங்க. 1854-ல லண்டன் பிராட் தெருவுல காலரா பரவினப்போ, குடிதண்ணி பம்புதான் காரணம்னு டாக்டர் ஜான் ஸ்னோ காட்டினார். மூக்குக்குக் காவல் போட்டாங்க. நோய் வாய் வழியா வந்துச்சு.

இந்தப் பெட்டிகள்ல பெரும்பகுதி பர்மிங்காம்ல செஞ்சது. முன்னாடி அந்த ஊர்க்காரங்க முத்திரை வாங்க செஸ்டருக்கோ லண்டனுக்கோ சரக்கை அனுப்பணும். மேத்யூ போல்டன் விடாம முயற்சி பண்ணி, 1773-ல சொந்த ஊருக்கே முத்திரை அலுவலகம் வாங்கிக் கொடுத்தார். அதோட அடையாளம் நங்கூரம். கூடவே சிங்கம் இருந்தா 92.5 சதவீதம் வெள்ளி. ஒரு எழுத்து வருஷத்தைச் சொல்லும். 1784-ல இருந்து 1890 வரைக்கும் ராஜா அல்லது ராணி தலை, வரி கட்டியாச்சுன்னு அர்த்தம். செஞ்சவர் இனிஷியலும் இருக்கும்; 'என் எம்'னா நத்தானியல் மில்ஸ். கோடு எழுதுற எனக்கு இது கமிட் ஹிஸ்டரி மாதிரி: யாரு, எங்க, எப்போ.

அந்த நம்பிக்கையிலதான் நான் ஏமாந்தேன். மூடியில விண்ட்சர், வார்விக் மாதிரி கோட்டை இருக்கிற பெட்டிக்கு விலை ரொம்ப அதிகம். ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். முத்திரை எல்லாம் அசல்; தேய்ஞ்சு மழுங்கியிருந்துச்சு. ஆனா கோட்டையோட கோடுகள் விரல்ல குத்துச்சு. சாதாரணப் பழைய பெட்டியில பிற்காலத்துல யாரோ செதுக்கியிருக்காங்க. முத்திரை உலோகத்துக்குத்தான் சாட்சி, படத்துக்கு இல்ல.

பெட்டியைத் திருப்பி அனுப்பல. இப்போ எதை வாங்கினாலும், முத்திரையைப் படிச்ச கையோட தேய்மானத்தையும் தடவிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.