தூண்டிலும் நீரும்: சிலாங்கூர் ஆற்றின் பெரிய இறாலும் பொழுதுபோக்கு மீன்பிடிக் கொள்கையும்

மலேசியாவில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய் நின்றுவிடுகிறது. ஒன்று, சுற்றுலா வருமானம். மற்றொன்று, தூண்டில்காரர்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. கோலசிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளையும் முன்வைத்து யோசித்தால் இரண்டுமே போதாதவை என்பது விளங்கும். இந்த வட்டாரத்தில் தூண்டில்காரர்கள் தேடிப் போவது முதன்மையாக உடாங் காலா என்று எல்லா இனத்தவரும் அழைக்கும் பெரிய ஆற்று இறாலை. அதன் வாழ்க்கை பாதி ஆற்றிலும் பாதி கழிமுகத்திலும் கழிகிறது. சட்டமோ ஆற்று மீன்பிடிப்பை ஓர் அரசிடமும் கழிமுக மீன்பிடிப்பை இன்னோர் அரசிடமும் கொடுத்திருக்கிறது. தூண்டிலைக் கட்டுப்படுத்தும் விதிகளால் மட்டும் இந்த இறாலைக் காப்பாற்ற முடியாது. அதன் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் ஒரே பொறுப்பின் கீழ் கொண்டுவர வேண்டும். அந்தப் பொறுப்பில் ஆற்றோரத் தூண்டில்காரர்களுக்கும், அவர்களுள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும், உரிய இடம் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இறால் போய்வரும் வழி

மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி என்பது இந்த இறாலின் அறிவியல் பெயர். ஆண் இறால் 32 சென்டிமீட்டர் வரை வளரும். நீலம் பாய்ந்த நீண்ட கொடுக்குகளே அதன் அடையாளம். நன்னீரில் வளரும் இந்த உயிர் நன்னீரில் பெருகுவதில்லை. சினைப்பட்ட பெண் இறால் முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டு ஆற்றோட்டத்தோடு கீழே இறங்குகிறது. நன்கு முதிர்ந்த ஒரு பெண் இறால் 80,000 முதல் ஒரு லட்சம் முட்டைகள் வரை சுமக்கும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் முட்டை பொரியும். பொரிந்த இளவுயிரி உவர்நீரை அடையாவிட்டால் சில நாட்களில் இறந்துவிடும். கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ள நீரே அதற்கு ஏற்றது. அந்த நீரில் பதினொரு பருவங்களைக் கடந்து, இறால் வடிவம் பெற்று, பிறகுதான் அது ஆற்றை எதிர்த்து மேலேறுகிறது.

இந்த உண்மை வெளிப்பட்டதே மலேசிய மண்ணில்தான். 1960-களின் தொடக்கத்தில் பினாங்கு, குளுகோரிலிருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஷாவ் வென் லிங், இளவுயிரிகள் பிழைக்க உப்பு கலந்த நீர் தேவை என்பதைக் கண்டறிந்தார். 1965-இல் மலேசியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்ட இறால்களைக் கொண்டு தக்குஜி ஃபுஜிமுரா பெருமளவு குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கினார். உலகெங்கும் பரவிய நன்னீர் இறால் வளர்ப்புக்கு இவையே அடித்தளம். பண்ணைத் தொழிலுக்கு வழிகாட்டிய அந்த அறிவு, அதே இறால் இயற்கையாக வாழும் ஆற்றின் நிர்வாகத்துக்கும் வழிகாட்டியிருக்க வேண்டும்.

தூண்டில்காரர்கள் இந்தச் சுழற்சியை அனுபவத்தால் அறிவார்கள். ஓட்டம் அடங்கும் வேளை பார்த்துப் படகை நிறுத்தி, சிறு முள்ளில் மண்புழுவையோ நீப்பா சேற்றில் தோண்டிய பெரும்புன் புழுவையோ கோத்து அடிமட்டத்தில் இறக்குவார்கள். இறால் மீனைப்போல் வெடுக்கென்று இழுக்காது. இரையைக் கொடுக்கால் பற்றிக்கொண்டு நகரும். கோலின் நுனி மெல்ல வளையும். அவசரப்பட்டுச் சுண்டினால் இரை மட்டும் திரும்பும். அது வாயில் வைக்கும்வரை பொறுத்திருந்து, நரம்பைத் தளரவிடாமல் மெதுவாகத் தூக்கிக் கைவலையில் ஏந்த வேண்டும். ஏந்தியதும் வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் சினை தெரியும். முட்டை செம்மஞ்சளாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. சாம்பல் நிறமாகிவிட்டால் பொரிக்கப் போகிறது. இந்த முறையில் பிடிபடும் இறால் பெரும்பாலும் உயிரோடுதான் கைக்கு வருகிறது என்பதால், எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி விடுவது என்று தெரிவு செய்யத் தூண்டில்காரருக்கு வாய்ப்பு உண்டு. நஞ்சு கலந்தோ மின்சாரம் பாய்ச்சியோ பிடிக்கும் முறைகள் அந்த வாய்ப்பைத் தருவதில்லை. ஆற்றில் நஞ்சு கலந்தால் இறால்கள் திணறிக் கரையோரம் ஒதுங்கும்; அவற்றைக் கூடையில் அள்ளிச் செல்கிறவர்கள், அள்ளத் தகுதியில்லாத குஞ்சுகளைச் சாகவிட்டுப் போகிறார்கள். இந்த இரண்டு வகையினரையும் ஒரே தட்டில் வைத்து 'மீன்பிடிப்பவர்கள்' என்று பேசும் கொள்கை தொடக்கத்திலேயே தவறுகிறது.

ஓர் ஆறு, இரண்டு அரசு

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, கடல், கழிமுக மீன்பிடிப்பைக் கூட்டரசுப் பட்டியலிலும், ஆற்று மீன்பிடிப்பை ஆமைகளோடு சேர்த்து மாநிலப் பட்டியலிலும் வைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் உள்நாட்டு மீன்வளத்துக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. நிலமும் காடும் மாநிலத்தின் பொறுப்பு. தொழிற்சாலைக் கழிவு 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் வழியே கூட்டரசின் கைக்குப் போகிறது. ஆற்று நீரை மேற்பார்க்க, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம் இருக்கிறது. ஆற்றங்கரை ஒதுக்கு நிலம் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கவனத்துக்குரியது. சினை இறால் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூர் முகத்துவாரம் வரை இறங்கி வருவதற்குள் இத்தனை அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது. ஒவ்வொன்றும் தன் பங்கைச் சரியாகச் செய்தாலும், இறாலின் பயணம் முழுவதற்கும் பொறுப்பேற்பவர் இல்லாமல் போகும் அமைப்பு இது.

விளைவை நீரின் அளவில் பார்க்கலாம். சிலாங்கூர் ஆறு கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தருகிறது. கோலகுபு பாருவுக்கு மேலே அணை; பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள். நகரத்துக்கு நீர் வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் மேலே எடுக்கும் ஒவ்வொரு பங்கும் கீழே நன்னீரின் அழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் உப்பு ஆற்றுக்குள் ஏறுகிறது. சினை இறால் தேடும் உவர்நீர்ப் பகுதி இடம் மாறுகிறது. அணை கட்டப்பட்ட காலத்தில் இந்தக் கவலை எழுந்ததுண்டு, ஆனால் கம்போங் குவாந்தானின் மின்மினிகளின் பொருட்டு. மின்மினிகள் கூடும் பெரம்பாங் மரங்கள் நீரின் உப்பளவைச் சார்ந்தவை. அவற்றைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதே நீரின் அதே சமநிலையைச் சார்ந்திருக்கும் இறாலும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

நீரின் தரமும் அப்படியே. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவால் சிலாங்கூர் ஆற்றைச் சார்ந்த நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன. 1,292 பகுதிகளில் குழாய் வறண்டது. அதையடுத்து லுவாஸ் சட்டம் திருத்தப்பட்டு அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆலையின் வாயிலை மூடினால் குடிநீருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆற்றுக்குள் இருக்கும் உயிருக்கு மூடிக்கொள்ள வாயில் இல்லை. கழிவு கடலுக்குப் போகும் வழி இறாலின் வழிதான்.

தோட்டமும் தூண்டிலும்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007-க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை என்று அறியப்பட்ட பெஸ்தாரி ஜெயா, இன்னும் வடக்கே பெர்ணம் ஆறு வரை, தோட்டப்புறத் தமிழருக்குத் தூண்டில் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. ரப்பர்க் காலத்தில் பால்வெட்டு முடிந்த பிற்பகலில் காட்டாறும் வடிகாலும் லம்பம் எனப்படும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையும் விரால், கெளுத்தி, திலாப்பியா தந்தன. லயத்துக் குழம்புச் சட்டிக்கு அது இலவசச் சத்து. பிள்ளைகளுக்கு அது நீரைப் படிக்கும் பள்ளி. செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த பின்னும், வார இறுதியில் கோலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அதே நீர்நிலைகளுக்கு வருகிறவர்கள் பலர். படகு வாடகை, தூண்டில் கடை, காசு கட்டிப் பிடிக்கும் இறால் குளம் என்று இன்று தொழிலாக வளர்ந்திருப்பதன் அடியில் இந்தப் பழக்கமும் இருக்கிறது. கொள்கை வகுப்பவர்கள் 'பொழுதுபோக்கு மீன்பிடிப்பு' என்று சொல்லும்போது விலையுயர்ந்த கோலும் விசைப்படகும் உள்ளவரை மட்டும் மனத்தில் கொண்டால், ஆற்றை நீண்ட காலம் அறிந்தவர்கள் வெளியே நிற்பார்கள்.

தோட்டம் ஆற்றுக்குத் தந்த சேதமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. செம்பனை ஆலைக் கழிவு ஒரு காலத்தில் ஆறுகளின் பெருங்கேடு. சுத்திகரிக்காத கழிவின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977-ஆம் ஆண்டு விதிகள் வெளியேற்றும் அளவை 1978-இல் 5,000 என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தன. காலக்கெடுவோடு கூடிய தெளிவான விதியும், அதை அமலாக்கும் துணிவும் இருந்தால் ஒரு பெரிய தொழிலையே திருத்த முடியும் என்பதற்கு மலேசியாவிலேயே கிடைக்கும் சான்று இது.

பூச்சிக்கொல்லியில் அந்த வேகம் இருந்ததில்லை. தோட்டத்தில் மருந்து அடித்த பெண்களின் உடல்நலக் கேட்டை தெனாகனித்தா போன்ற அமைப்புகள் எடுத்துச் சொன்ன பிறகு, 2002-இல் பாராகுவாட் களைக்கொல்லிக்கு விதிக்கப்பட்ட தடை 2006-இல் தளர்ந்து, 2020-இல்தான் முழுமையாயிற்று. இறாலைப் பொறுத்தவரை வேறொரு வகை மருந்தில் கவனம் தேவை. செம்பனையின் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் பூச்சிகளைக் கொல்வதற்கென்றே ஆனவை. பூச்சிக்கு நெருங்கிய உறவான இறால் இனம் மிகக் குறைந்த அளவிலும் அவற்றால் பாதிக்கப்படும். மழை கழுவி வரும் மருந்தைத் தடுக்கக் கரையோரத் தாவரப்பட்டை வேண்டும். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இருபுறமும் 50 மீட்டர் ஒதுக்கச் சொல்கிறது. செம்பனை ஆற்றின் விளிம்புவரை நிற்கும் இடங்களில், மறுநடவு நடக்கும் ஆண்டே அந்த ஒதுக்கை மீட்பதற்கு உகந்த தருணம்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: குஞ்சு வாங்கி விட்டால் போதாதா? மீன்வளத் துறை ஆறுகளில் இறால் குஞ்சு விடுவது பயனுள்ள பணி. ஆனால் விட்ட குஞ்சு வளர்ந்து சினையாகி இறங்கும் வழி அடைபட்டிருந்தால், ஆண்டுதோறும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஆறு பண்ணையாகிவிடும். சில தாய் இறால்களிலிருந்து பெருக்கிய குஞ்சுகள் ஆற்றின் மரபணு வளத்தையும் குறுக்கக்கூடும்.

இரண்டாவது: தூண்டில்காரர்களும் அழிக்கவில்லையா? அழிக்கிறார்கள், சினை இறாலையும் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது. இது திருத்தப்பட வேண்டிய பழக்கம். சட்டத்தைவிட விரைவாகத் தூண்டில்காரர் சங்கங்களும் போட்டி நடத்துகிறவர்களும் இதைத் திருத்தலாம். சினை இறாலை எடைக்குச் சேர்ப்பதில்லை என்ற ஒரு போட்டி விதி பல அறிவிப்புப் பலகைகளைவிடப் பயன் தரும்.

மூன்றாவது: ஆற்றை விட்டுவிட்டுப் பழைய ஈய லம்பங்களைத் தூண்டில் தலமாக்கினால் என்ன? பெஸ்தாரி ஜெயா லம்பங்களின் நீரிலும் வண்டலிலும் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பிடித்து விடும் விளையாட்டுக்கு அவை ஏற்றவையாக இருக்கலாம். பிடித்து உண்ணும் பழக்கமுள்ள மக்களை அங்கே அனுப்புவதற்கு முன் மீனின் சதையைச் சோதிப்பது அரசின் கடமை.

காவிரியும் சபாவும்

தூண்டில்காரரைக் காவலராக்க முடியும் என்பதற்கு நம் மொழிக்கு நெருக்கமான சான்று காவிரியில் இருக்கிறது. 1972-இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம், கர்நாடகக் காவிரியில் மஹசீர் மீனைப் பிடித்து விடும் முறையை நடத்தி, வெடி வைப்பவர்களுக்கு எதிராகக் கரையைக் காத்தது. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பதிவான தூண்டில் கணக்குகளே, திமில் மஹசீர் அருகி வருவதை ஆய்வாளர்கள் பின்னர் நிறுவுவதற்கு ஆதாரமாயின. அந்த மீன் டோர் ரெமாதேவி என்று 2018-இல் அடையாளம் உறுதியாகி, மிக அபாய நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. பதிவேடு இருந்ததால் அழிவு தெரிய வந்தது. நீரும் வாழிடமும் சீர்படாமல் பதிவேடு மட்டும் மீனைக் காப்பாற்றவில்லை. இரண்டு பாடங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சபாவில் ஆற்றங்கரைக் கிராமங்கள் தாமே ஆற்றின் பகுதிகளை மூடி, உரிய காலத்தில் மட்டும் திறக்கும் தகால் மரபுக்கு, 2003-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் துணை நிற்கிறது. மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி உள்ளூர் மக்களிடம் ஆற்றின் பொறுப்பை ஒப்படைக்க மலேசியச் சட்டத்தில் இடமுண்டு என்பதை அது காட்டுகிறது. சிலாங்கூரில் கரையோரச் சமூகங்கள் மலாய்க் கம்பம், தமிழர் தோட்டம், சீனர் மீனவக் குடியிருப்பு என்று பலவாக இருப்பதால், அந்த முறையை அப்படியே நட முடியாது. பொறுப்பைப் பகிரும் கொள்கையை எடுத்துக்கொள்ளலாம்.

செய்யத் தக்கவை

முதலாவதாக, பெஸ்தாரி ஜெயாவிலிருந்து முகத்துவாரம் வரை ஒரே இறால் நிர்வாக மண்டலம் அமைய வேண்டும். மாநில அரசு, கூட்டரசு மீன்வளத் துறை, லுவாஸ், தோட்ட நிறுவனங்கள், தூண்டில்காரர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, வறட்சிக் காலத்தில் கழிமுகத்துக்கு விட வேண்டிய குறைந்த நீரளவை இறாலையும் கணக்கில் கொண்டு முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதாக, சினை இறாலை எக்காலத்திலும் திருப்பி விடுவது கட்டாயமாக வேண்டும். அது தூண்டிலுக்கும் வலைக்கும் சந்தைக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். மூன்றாவதாக, தூண்டில் உரிமம் வருமானால் அது கட்டண வேலியாக இல்லாமல் இலவசப் பதிவாக இருக்கட்டும். பதிவு செய்தவர் தரும் பிடிபாட்டுக் கணக்கே அவர் செலுத்தும் கட்டணம். அந்தக் கணக்கேடு மலாயோடு தமிழிலும் சீனத்திலும் இருந்தால், முதிய தோட்டத் தொழிலாளியின் அறிவும் அதில் ஏறும். நான்காவதாக, மறுநடவு அனுமதி தரும்போது கரை ஒதுக்கை மீட்பது நிபந்தனையாக வேண்டும்.

சினை இறாலைத் திருப்பி விடுவது தூண்டில்காரர் கடமை. அது இறங்கிப் பொரிக்கவும் குஞ்சு மேலேறி வரவும் தக்க நீரை வைத்திருப்பது அரசின் கடமையும் தோட்ட முதலாளிகளின் கடமையும். முதலாவதைச் சட்டமாக்குவது எளிது, செலவும் இல்லை. அதனாலேயே அதோடு நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டையும் ஒரே சட்ட நடவடிக்கையில் கட்டினால்தான், கரையில் உட்கார்ந்திருக்கும் எளியவரிடம் கட்டுப்பாட்டைக் கேட்கும் உரிமை அரசுக்கு வரும்.